முழுச் சில்லா, சின்னச் சில்லா, போத்தலா: குடும்ப எஸ்யுவிக்கு எந்த ஸ்பெயார்?

“அண்ணா, டிக்கித் தட்டைத் தூக்கிப் பார்த்தன். ஸ்பெயார் சில்லே இல்லை. ஒரு போத்தலும் சின்னப் பம்பும்தான் கிடக்கு. எங்களை ஏமாத்திப்போட்டாங்களோ?”

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து இப்படியான அழைப்புகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான் கேட்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் போத்தலில் இருப்பது டயர் ஓட்டையை அடைக்கும் திரவம், ஸ்பெயாருக்குப் பதிலாக வருவது. ஜப்பானில் இருந்து வரும் பல எஸ்யுவிகள் அங்கேயே ஸ்பெயார் இல்லாமல்தான் விற்கப்படுகின்றன. எங்கள் தெருக்களில் நிறைந்திருக்கும் ஹொண்டா வெசல் ஹைபிரிட் அப்படி வந்ததுதான். எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். அதோடு ஹைபிரிட் பட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்துகொள்வதால் சில்லுக்கு இடமும் இல்லை.

பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2020 இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பலரும் இருந்த வண்டியையே ஐந்து வருடம் பராமரித்து ஓட்டினார்கள். அந்த வண்டிகளோடு வந்த போத்தல்களில் பெரும்பாலானவை காலாவதியாகி டிக்கிக்குள்ளேயே கிடக்கின்றன.

நான் இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறைப்படுவதற்கு ஓர் இரவு காரணம். யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அநுராதபுரம் தாண்டி, புத்தளத்துக்குப் போகும் ஏ12 வீதியில், நொச்சியாகமவுக்குக் கிட்ட. இரவு பத்து மணி, மழை. இடது முன் சில்லு ஒரு குழிக்குள் இறங்கி ஏறியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டு. போத்தலை ஏற்றினேன். வெள்ளைத் திரவம் வெட்டு வழியாக அப்படியே வீதியில் வழிந்தது. ஜெக்கைத் தேடினால் அதுவும் இல்லை. போத்தலோடு வரும் வண்டியில் ஜெக்கும் ஸ்பேனரும் வருவதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். உதவி எண்ணுக்கு அழைத்தோம், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் முச்சக்கரவண்டி ஓட்டிய ஒரு தம்பி போய், டயர் கடைக்காரரைப் படுக்கையில் இருந்து எழுப்பிக் கூட்டிவந்தார். அவர் கொண்டுவந்த பாவித்த டயரைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். அந்த இருவருக்கும் இன்றுவரை நன்றியாக இருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் நானே பாவித்துப் பார்த்துவிட்டேன். என் கணிப்பை இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையைக் கேட்பதற்கு முன் ஆறு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எந்தச் சேதத்துக்கு உதவும். டயர் போவது மூன்று விதம். ஆணியோ கம்பியோ நடுப்பகுதியில் குத்துவது, குழியிலோ நடைபாதைக் கல்லிலோ பட்டுப் பக்கச்சுவர் வெட்டுப்படுவது, ரிம் வளைந்து காற்று கசிவது. கொழும்புக்குள் அதிகம் நடப்பது முதலாவது. ஊருக்குப் போகிற வழியில் மாட்டிவிடுவது மற்ற இரண்டும்.

இரண்டாவது, மாற்றிய பிறகு எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் போகலாம். மூன்றாவது, டிக்கியில் பிடிக்கும் இடமும் எடையும். நான்காவது, மொத்தச் செலவு. வாங்கும் அன்று கொடுப்பதோடு அது முடிவதில்லை. ஐந்தாவது, யார் மாற்றப் போகிறார்கள். பதினெட்டு அங்குல ரிம்மோடு ஒரு எஸ்யுவி சில்லு இருபத்திரண்டு, இருபத்தைந்து கிலோ வரும். அதை டிக்கிக்குள் இருந்து தூக்கி வெளியே வைக்க வீட்டில் எல்லோராலும் முடியுமா? ஆறாவது, வாகனத்தின் டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி, அந்தச் சில்லை ஏற்குமா என்பது. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஆறில் மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. இடம் என்றால் ஸ்பெயார் சில்லு பிடிக்கும் இடத்தை மட்டும்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். கழற்றிய சில்லு எங்கே போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## போத்தலும் பம்பும்

இரண்டு, மூன்று கிலோவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். டிக்கி முழுதும் உங்களுக்கு. சில்லைக் கழற்றத் தேவையில்லை என்பதால் யாரும் செய்யலாம், வெள்ளைச் சட்டையோடும் செய்யலாம். திரவத்தை வால்வ் வழியாக ஏற்றி, 12 வோல்ட் பம்பால் காற்றடித்து, உடனே சில கிலோமீற்றர் மெதுவாக ஓட்டினால் திரவம் உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். அப்புறம் நிறுத்திக் காற்றை மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் அடுத்த டயர் கடை வரை போகலாம்.

இது வேலை செய்வது டயரின் நடுப்பகுதியில், சுமார் நான்கு மில்லிமீற்றர் வரையான ஓட்டைக்கு. பக்கச்சுவர் வெட்டுக்கும் வளைந்த ரிம்முக்கும் இது உதவாது. காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடி உட்புறம் நசுங்கிய டயருக்கும் உதவாது.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. போத்தலுக்கு ஆயுள் உண்டு, பொதுவாக நான்கைந்து வருடம். திகதி போத்தலின் பக்கத்தில் இருக்கும். 2018 இல் செய்த வண்டி என்றால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது முடிந்திருக்கும். ஒரு தடவை பாவித்தால் புதுப் போத்தல் வாங்க வேண்டும். டயர் கடையில் உள்ளே உறைந்த திரவத்தைக் கழுவி எடுக்க வேண்டும், சில பாஸ்மார் அதைச் செய்ய விரும்புவதில்லை, டயரையே மாற்றச் சொல்வார்கள். காற்றழுத்த சென்சர் உள்ள சில்லு என்றால் சென்சரும் கெடலாம்.

இதைவிட நல்லது, அதே பம்போடு ஒரு டியூப்லெஸ் பிளக் செட்டை வைத்திருப்பது. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரத்தால் தேய்த்து, பசைக்கயிற்றைக் குத்தி இறக்குகிற அந்தப் பழைய முறைதான். விலை மிகக் குறைவு, காலாவதிப் பிரச்சினையும் குறைவு, டயர் அழுக்காவதுமில்லை. பழகுவதற்கு ஒரு பழைய டயரில் இரண்டு முறை குத்திப் பார்த்தால் போதும். கொழும்புக்குள் வரும் பத்து பஞ்சரில் பெரும்பாலானவை இதோடு தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

போத்தல் யாருக்கு நல்லது? கொழும்பு, நுகேகொட, நீர்கொழும்பு என்று ஓடுகிறவர்களுக்கு. ஐந்து கிலோமீற்றருக்குள் ஒரு டயர் கடை, கையில் தொலைபேசி, பகல் ஓட்டம். இவர்கள் முழுச் சில்லுக்காகப் பணம் கட்டவேண்டிய அவசியம் இல்லை.

## சின்னச் சில்லு

மெல்லிய, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தற்காலிகச் சில்லு. பக்கச்சுவரில் அளவு ‘டி’ என்ற எழுத்தோடு தொடங்கும், டி155/90 என்பது போல. அந்த ‘டி’ தற்காலிகம் என்பதற்கான அடையாளம். ரிம்மோடு சேர்த்துப் பதினைந்து கிலோ அளவில்தான் வரும், அதனால் தூக்குவது சுலபம். பக்கச்சுவர் வெட்டு, ரிம் வளைவு எல்லாவற்றுக்கும் உதவும். முழுச் சில்லை விட அகலம் ஆறேழு சென்டிமீற்றர் குறைவு என்பதால் டிக்கித் தட்டுக்கு அடியில் அடங்கிவிடும்.

நிபந்தனைகள் மூன்று. மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் எல்லோரும் 100 இல் போகும்போது நீங்கள் இடது ஓரத்தில் 80 இல் போய், அடுத்த வெளியேறும் வழியில் இறங்க வேண்டியதுதான். இரண்டாவது, காற்று 60 பீஎஸ்ஐ வேண்டும். வழமையான டயருக்கு 32, 33 அடிக்கும் கையோடு பெற்றோல் ஷெட்காரர் இதற்கும் அதையே அடித்துவிடுவார். நின்று சொல்ல வேண்டும். நான் பார்த்த சின்னச் சில்லுகளில் அரைவாசிக்கு மேல் இருபதுக்கும் கீழே இறங்கியிருந்தன, ஏனென்றால் வருடக் கணக்கில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. மூன்றாவது, மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். அகலம் குறைந்த டயர் வீதியைப் பிடிப்பதும் குறைவு.

இனி டிஃபரன்ஷியல். 215/60 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 664 மில்லிமீற்றர். டி135/80 அளவில் 16 அங்குலச் சின்னச் சில்லின் விட்டம் சுமார் 622. ஆறு சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். அதை முன் சில்லாகப் போட்டால், முன் இழுவை வண்டியில் இடமும் வலமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், பிரேக்கும் ஒரு பக்கம் பலவீனமாகும். ஆகவே முன் சில்லு போனால், நல்ல பின் சில்லு ஒன்றைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, சின்னதைப் பின்னுக்குப் போடுவது நல்லது. அதாவது மழை இரவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடவை ஜெக் அடிக்க வேண்டும். நான்கு சில்லு இழுவை வண்டி என்றால் முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பகிரும் நடுக் கப்ளிங்கும் சூடாகும். கையேட்டில் எவ்வளவு தூரம் அனுமதி என்று பார்த்து, அதைத் தாண்டாதீர்கள்.

இப்போது அந்தக் கழற்றிய சில்லு. ஐந்து பேர் குடும்பம், யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறது, டிக்கி நிறையக் கறுத்தக்கொழும்பான் பெட்டி, பனங்கிழங்கு, அம்மாவின் பை. சின்னச் சில்லை எடுக்க எல்லாவற்றையும் வீதியோரத்தில் இறக்க வேண்டும். மாட்டியாயிற்று. போன முழுச் சில்லு, டிக்கித் தட்டுக்கு அடியில் சின்னச் சில்லுக்கென உள்ள குழிக்குள் இறங்காது. அகலம் கூட, விட்டமும் கூட. சேற்றோடு இருக்கிற 22 கிலோ சில்லை எங்கே வைப்பீர்கள்? மேலே வைத்தால் மாம்பழம் நசுங்கும், பின் இருக்கையில் வைத்தால் ஒருவர் இறங்க வேண்டும். இதை ஒரு தடவை அனுபவித்த பிறகு ஒரு பெரிய தடித்த பொலித்தீன் பையும் இழுத்துக் கட்டும் பட்டி ஒன்றும் எப்போதும் டிக்கியில் வைக்கிறேன். சின்னச் சில்லு வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சின்னச் சில்லுகள் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பூ தேயாமல் புதிது போல இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை நான் வாங்கமாட்டேன்.

## முழுச் சில்லு

மற்ற நான்கையும் போலவே ஐந்தாவது. மாட்டிய உடனே பயணம் தொடரும், வேகக் கட்டுப்பாடு இல்லை, தூரக் கட்டுப்பாடு இல்லை, டிஃபரன்ஷியலுக்குக் கவலை இல்லை. வவுனியாவில் டயர் போனால் மாற்றிக்கொண்டு கொழும்பு வரை வந்து, திங்கட்கிழமை ஆறுதலாகக் கடைக்குப் போகலாம். ஏ9 வீதியிலும் மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதைகளிலும் இரவில் ஓடுகிறவர்களுக்கு இதன் மதிப்பு தனி.

பிராடோ, மொன்டெரோ, ஜிம்னி போன்றவை முழுச் சில்லோடுதான் வருகின்றன, அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒன்றே ஒன்று: அடியில் தொங்கும் வகை என்றால் கேபிளும் அதன் வின்ச்சும் துருப்பிடித்து இறுகிவிடும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இது வேகமாகவே நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, கிரீஸ் பூசி, ஏற்றிவிடுங்கள். பின் கதவில் தொங்கினால் ஒரு பூட்டு நட் போடுங்கள்.

சிக்கல் வருவது குழி ஆழமில்லாத குடும்ப எஸ்யுவிகளில்தான். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து பாருங்கள். உங்கள் டயரின் விட்டத்தை இப்படிக் கணக்கிடலாம்: 225/60 ஆர்18 என்றால் 225 இன் அறுபது சதவீதம் 135, அதன் இரட்டிப்பு 270, ரிம் 18 அங்குலம் என்பது 457 மில்லிமீற்றர், கூட்டினால் 727. குழியின் விட்டம் அதைவிடக் குறைவென்றால் சில்லு குழிக்குள் இறங்காது, மேலே படுக்க வேண்டும். விட்டம் சரி, ஆழம் மட்டும் போதாது என்றால் தட்டை உயர்த்தலாம். சுற்றிலும் தடித்த நுரைப்பலகை வெட்டிவைத்து, மேலே பிளைவுட் போட்டுத் தரும் தச்சர்மார் இருக்கிறார்கள். 215 அகல டயருக்கு ஏழு சென்டிமீற்றர் உயர்த்த வேண்டும் என்று வையுங்கள். ஒரு மீற்றர் அகலம், 75 சென்டிமீற்றர் நீளமான டிக்கியில் அது ஐம்பது லீற்றருக்கு மேல். இருபது லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டரை. சில்லைச் சுற்றியுள்ள மூலைகளில் சில சாமான்களை வைக்கலாம் என்பதால் முழு இழப்பும் இல்லை. ஹைபிரிட் வண்டியில் பட்டரிக்குக் காற்று போகும் துவாரம் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அடைபட்டால் வரும் செலவு சில்லின் விலையை விட எவ்வளவோ பெரிது.

மேலே படுக்கவைக்கிறவர்கள் கட்டாயம் கட்டிவைக்க வேண்டும். கடும் பிரேக்கில் அவிழ்ந்த 22 கிலோ சில்லு பின் இருக்கையில் வந்து மோதும், அங்கே இருப்பது பிள்ளைகள். டிக்கியில் உள்ள இரும்பு வளையங்களில் ராட்செட் பட்டி போட்டு இறுக்குங்கள். கறுப்பு ரப்பர் கயிறு போதாது.

இனி எந்த ரிம், எந்த டயர் என்ற கேள்வி. நான் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் நின்று “அஞ்சு நட் ரிம் ஒண்டு வேணும்” என்று கேட்டபோது கடை நானா சொன்னது: “அஞ்சு நட் எண்டா எல்லாம் ஒண்டு இல்ல தம்பி. நடு ஓட்டைய அளந்துட்டு வாங்க.” அவர் சொன்னது சரி. வெசல், சி-எச்ஆர், எக்ஸ்-ட்ரெயில், அவுட்லாண்டர் எல்லாவற்றிலும் ஐந்து நட், அந்த ஐந்தும் அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். ஆனால் நடு ஓட்டை ஹொண்டாவில் 64.1, டொயோட்டாவில் 60.1, நிசானில் 66.1, மிட்சுபிஷியில் 67.1. டொயோட்டா ரிம் ஹொண்டாவின் ஹப்பில் ஏறவே ஏறாது. ஹொண்டா ரிம் டொயோட்டாவில் ஏறும், ஆனால் இடைவெளி இருக்கும். நடுவில் வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் ஆடும். நட்டும் அப்படித்தான். ஹொண்டாவின் ஒரிஜினல் ரிம்மில் நட் உட்காரும் இடம் உருண்டை. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் கூம்பு. பொருந்தாத நட் இறுகியது போலத் தோன்றும், ஓடும்போது தளரும். மரையும் வேறு (முதல் எண் விட்டம், அடுத்தது மரை இடைவெளி, மில்லிமீற்றரில்): டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி 12 க்கு 1.5, நிசான், சுசுகி 12 க்கு 1.25. ஸ்பெயார் ரிம் வேறு வகை என்றால் அதற்கான ஐந்து நட்டையும் ஒரு சிறிய பையில் போட்டு அந்த ரிம்மிலேயே கட்டிவையுங்கள்.

செலவைக் குறைக்க மூன்று வழி உண்டு. புது அலோய் ரிம்மும் அதே வகைப் புது டயரும் வாங்குவதுதான் விலை கூடிய வழி. ஆனால் அதில் ஒரு லாபம் இருக்கிறது: ஐந்தையும் சுழற்சி முறையில் மாற்றி ஓட்டலாம். நான்கு டயர் 40,000 கிலோமீற்றர் ஓடுமென்றால் ஐந்து டயர் அதே தேய்மானத்தில் 50,000 ஓடும். ஐந்தாவது டயருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. ஒரு திசைக்கு மட்டும் சுழலும் பூவுள்ள டயராக இருந்தால் இது சரிவராது. இரண்டாவது வழி, இரும்பு ரிம்மோ பாவித்த அலோய் ரிம்மோ வாங்கி, டயரை மட்டும் புதிதாகப் போடுவது. மூன்றாவது, மிக மலிவானது: அடுத்த தடவை நான்கு டயரையும் மாற்றும்போது, கழற்றியதில் நல்லதாக உள்ள ஒன்றைக் கடையிலேயே விட்டுவிடாமல் பாவித்த ரிம் ஒன்றில் போட்டு ஸ்பெயாராக வைப்பது. நான்கு சில்லு இழுவை வண்டிக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். பூவின் ஆழம் வித்தியாசமாக இருந்தால் கப்ளிங்குக்கு நல்லதல்ல.

சிலர் பெரிய ரிம் போட்ட வண்டிக்குச் சின்ன ரிம்மில் ஸ்பெயார் வைக்கிறார்கள். 225/50 ஆர்18 இன் விட்டம் 682, 215/60 ஆர்16 இன் விட்டம் 664. மூன்று சதவீதத்துக்குள் வருகிறது, அவசரத்துக்குப் போதும், விலையும் குறைவு. ஆனால் வாங்குவதற்கு முன் ரிம்மை முன் ஹப்பில் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் கலிபரில் உரசினால் பின்னுக்கு மட்டும்தான் பாவிக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளில் ஜெக்கும் ஸ்பேனரும் முதலாவது. போத்தலோடு வந்த வண்டிக்கு இரண்டும் வாங்க வேண்டும். வண்டியின் எடைக்கு ஏற்ற ஜெக், மழை மண்ணில் அது புதையாமல் வைக்க ஓர் அடிப் பலகை, சில்லுக்கு முன் பின் வைக்க இரண்டு கட்டை. பூட்டு நட் இருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறதென்று இன்றே பாருங்கள்.

## இன்னும் இரண்டு வழிகள், சுருக்கமாக

ரன் ஃபிளாட் டயர் காற்றுப் போன பிறகும் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம் ஓடும். ஐரோப்பிய வண்டிகளில் வருகிறது. விலை கூட, பக்கச்சுவர் விறைப்பு என்பதால் எங்கள் வீதிகளில் குலுக்கலும் கூட, கொழும்புக்கு வெளியே அதே அளவைத் தேடுவதும் பாடு. வண்டியோடு வந்தால் வைத்திருங்கள், புதிதாக மாற வேண்டாம்.

ஒன்றுமே வாங்காமல் காப்புறுதிக் கொம்பனியின் உதவிச் சேவையை நம்புவது இன்னொன்று. கொழும்புக்குள் நல்ல வழி. கொழும்புக்கு வெளியே அந்தச் சேவை எதுவரை, சில்லு மாற்றித் தருவார்களா அல்லது இழுத்துப் போவார்களா என்பதைப் பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். ஸ்பெயார் சில்லே இல்லாத வண்டிக்கு ஆள் வந்தும் இழுத்துப் போவதைத் தவிர வழியில்லை.

## ஒரே பார்வையில்

| | போத்தலும் பம்பும் | சின்னச் சில்லு | முழுச் சில்லு |
|---|---|---|---|
| ஆணிக் குத்து | ஆம் | ஆம் | ஆம் |
| பக்கச்சுவர் வெட்டு, வளைந்த ரிம் | இல்லை | ஆம் | ஆம் |
| வேகம் | 80 வரை | 80 வரை | வழமை போல |
| தூரம் | அடுத்த டயர் கடை | கிட்டிய நகரம் | வீடு வரை |
| எடை | 2–3 கிலோ | 15 கிலோ அளவில் | 20–25 கிலோ |
| டிக்கி | முழுதும் மிச்சம் | கழற்றிய சில்லுக்கு இடம் வேண்டும் | தட்டு உயரும், அல்லது மேலே கட்ட வேண்டும் |
| நான்கு சில்லு இழுவை | பிரச்சினை இல்லை | குறுந்தூரம் மட்டும் | ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்றால் சிறந்தது |
| தொடரும் செலவு | போத்தல் மாற்றம், டயர் கழுவல் | காற்று பார்த்தல், பத்து வருடத்தில் மாற்றம் | சுழற்சியில் பெரும்பகுதி திரும்பும் |

## யாருக்கு எது

வருடத்தில் மூன்று நான்கு தடவையாவது வடக்குக் கிழக்குக்குப் போகிறவர்கள், அதுவும் இரவில் குடும்பத்தோடு ஓடுகிறவர்கள், குழியில் சில்லு அடங்குமென்றால் யோசிக்காமல் முழுச் சில்லுக்குப் போங்கள். தட்டை ஏழு சென்டிமீற்றர் உயர்த்தினால் அடங்குமென்றாலும் போங்கள். டிக்கியில் அந்த அளவு குறைவது சில வாரத்தில் பழகிவிடும்.

நுவரெலியா, கண்டி, காலி என்று பகல் பயணம்தான், ஒரு நகரத்துக்கும் மற்றதுக்கும் இடையில் தூரம் குறைவு என்றால் சின்னச் சில்லு போதும். கூடவே பிளக் செட்டும் பம்பும். இந்தச் சேர்க்கைதான் பெரும்பாலான கொழும்புக் குடும்பங்களுக்குச் சரி என்று நினைக்கிறேன். வீட்டில் வாகனம் ஓட்டுகிற அக்காவோ அம்மாவோ தனியே மாற்ற வேண்டி வரலாம் என்றாலும் இதுதான். ஏழெட்டுக் கிலோ குறைவது தூக்கும்போது பெரிய வித்தியாசம்.

குழியே இல்லாத ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்கு ஒரு நடுவழி உண்டு, நான் இப்போது செய்வதும் அதுதான். முழுச் சில்லை வாங்கி வீட்டில் வைத்து, நெடும்பயணத்துக்கு மட்டும் ஏற்றுவது. நகருக்குள் பிளக் செட்டும் பம்பும் போதும். நெடும்பயணத்தில்தான் டிக்கியும் நிரம்பும் என்பது இதில் உள்ள கஷ்டம். நான் சில்லை நிமிர்த்தி டிக்கியின் ஒரு பக்கச் சுவரோடு கட்டி, மற்றப் பக்கம் பெட்டிகளை அடுக்குகிறேன். ஒரு பெரிய பெட்டி குறைகிறது. கூரையில் ஏற்ற நினைப்பவர்கள் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள், அதில் ராக்கின் எடையும் சேரும். வீட்டில் வைக்கும்போது வெயில் படாத இடம், ஜெனரேட்டரும் மோட்டாரும் இல்லாத மூலை. அவற்றில் இருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். எங்கள் தொடர்மாடியில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். காற்றை 40 பீஎஸ்ஐ அடித்து வைத்தால், மாட்டும் அன்று சிறிது திறந்து 33 க்கு இறக்குவது சுலபம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கிளம்ப முந்தின ஞாயிற்றுக்கிழமை, கீழே பார்க்கிங்கில் குடும்பத்தோடு ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. போன தடவை மூத்தவளால் ஜெக்கோடு வாங்கிய குட்டை ஸ்பேனரில் ஒரு நட்டைக் கூட அசைக்க முடியவில்லை. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அவ்வளவு இறுக்கியிருந்தார்கள். கையேட்டில் சொல்வது 108 நியூட்டன் மீற்றர்தான். அடுத்த நாளே இழுத்து நீட்டக்கூடிய கைபிடியுள்ள ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். இப்போது அவள் ஜெக் ஏற்றுவதற்கு முன்பே ஐந்து நட்டையும் தளர்த்திவிடுகிறாள்.